மணலும் சில்லும்

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த காலத்தே பாலையாகும் என்னும் இளங்கோவடிகளின் கருத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். நெய்தல் திரிந்தால் என்னாகும் என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. சென்ற ஆவணியில், கச்சான் காற்று அனலாய் வீசிய நாளொன்றில், புல்மோட்டைப் பக்கத்துக் கரையில் கூடாரமடித்துத் தங்கியபோதுதான் எனக்கும் அக்கேள்வி எழுந்தது.

துபாயில் தொழில் பார்க்கும் என் தம்பி மனைவி மக்களோடு விடுமுறைக்கு வந்திருந்தான். "அண்ணா, அங்கே மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கி விளையாடுவோம். இங்கே உங்களுக்கு மணலோடு கடலும் சேர்ந்து கிடக்கிறது. நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்களே!" என்றான். புறப்பட்டோம். நிலாவெளி, குச்சவெளி கடந்து வடக்கே சென்றோம். தோணித்துறைகளில் காத்துக் கிடந்து சென்ற பாதை அது. இன்று பாலங்கள் வந்துவிட்டன.

அந்த இரவைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. சுட்ட மீனும் பாணும் உண்டு, விண்மீன்களை எண்ணியபடியே பிள்ளைகள் உறங்கிப்போனார்கள். கரையிலே கருமணல் வரிவரியாய்க் கிடந்தது. இல்மனைற்றும் உருத்தைலும் கலந்த அம்மணலுக்காகவே 1957 இல் அரசு ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது என்று தம்பியின் மூத்த மகளுக்குச் சொன்னேன். வாத்தியார்ப் புத்தி விடுமா?

விடிந்ததும் தம்பி ஜீப்பை மேட்டின்மேல் ஏற்றினான். பாதி ஏறியதும் சில்லுகள் அச்சுவரை புதைந்தன. சில்லுகளின் காற்றைச் சற்று இறக்கி வண்டியை மீட்டான். லிபியப் பாலையில் மோட்டார் வண்டியோட்டிய ஆங்கிலப் படையதிகாரி பக்னோல்ட் முதலியோர் கையாண்ட முறை அது. ஆயின் பக்னோல்ட் மணலில் ஓடியதோடு நிற்கவில்லை. மணல் எவ்வாறு பறக்கிறது, எவ்வாறு குவிகிறது என்று ஆராய்ந்து 1941 இல் ஒரு நூலே எழுதினார். நம்மவர் முதற்பாதியை மட்டும் கற்றுக்கொண்டோம்.

வண்டி ஏறிய வழியில் அடம்பன் கொடி அறுந்து கிடந்தது. இராவணன் மீசை வேரோடு பெயர்ந்திருந்தது. "காற்றடித்தால் நாளைக்கே தடம் மறைந்துவிடும், அண்ணா" என்றான் தம்பி. அரேபியாவின் உள்நாட்டு மணற்குன்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அங்கே காற்றே குன்றை ஆக்குகிறது, காற்றே நகர்த்துகிறது. நம் கரை மேடு வேறு சாதி. பறந்துவரும் மணல் கொடியில் தட்டி விழுகிறது. விழுந்த மணலின்மேல் கொடி மீண்டும் படர்கிறது. இப்படியே பல ஆண்டுகளில் மேடு எழுகிறது. கொடி அறுந்த இடத்தைக் காற்றுக் குடைந்து பள்ளமாக்கும். பள்ளம் வாயிலாகும். வாடைக்காலத்துக் கடல் அந்த வாயிலைத் தேடி வரும். நெய்தல் திரிவது இவ்வாறுதான்.

2004 டிசம்பர் 26 ஐ இம்மாவட்டத்தாருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. யாலக் கரையில் உயர்ந்த மணல்மேடுகள் அலையைத் தடுத்தன என்றும், கடற்காட்சிக்காக மேட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்ட இடத்தில் நின்ற விடுதியொன்று அழிந்தது என்றும் ஆய்வாளர்கள் மறு ஆண்டே எழுதினார்கள்.

ஒரு ஜீப்பினால் கரை அழிந்துவிடுமா? அழியாது. மணல் அள்ளும் உழவு இயந்திரங்கள் செய்யும் கேட்டின் முன் இது தூசு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஓரிடத்தில் ஒரு வண்டி ஏறிய தடம் அடுத்த வண்டிக்குப் பாதையாகிவிடுகிறது. விடுமுறை நாள்களில் அத்தடங்களை எண்ணிப் பார்த்தவர்கள் நான் மிகைப்படுத்துவதாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லவேண்டாம் என்பதன்று என் கருத்து, அழைத்தே செல்லவேண்டும். வண்டி தெருவோடு நிற்கட்டும் என்கிறேன். அங்கிருந்து கால்கள் போதும். கடலாமை முட்டையிடும் கரையில் சில்லுக்கு என்ன வேலை?

தம்பி முழுவதும் உடன்படவில்லை. ஆனால் அறுந்த அடம்பன் துண்டுகளை அவன் மகள் பொறுக்கி ஈரமணலில் ஊன்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வாதத்தை நிறுத்திக்கொண்டான். வரும் ஆவணியிலும் வருவதாக எழுதியிருக்கிறான். ஜீப்பைத் தெருவோரப் பனையடியில் நிறுத்துவதென்று ஒப்பந்தம். கூடாரத்தைச் சுமப்பது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.