வாசல் தோட்டம்: மண்ணிலே பூக்கும் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் பட்டணத்துக் கடையில் கண்ணாடித் தாளுக்குள் வைத்து விற்கிறார்களே, அந்தப் பூதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. நமக்கும் அதற்கும் வெகு தூரம் என்று ஒதுங்கி விடுகிறோம். ஆனால் அன்புச் சகோதரிகளே, நம் தோட்டத்துச் சடக்கோரத்தில், மண் வெட்டிய சரிவில், லாலாங் புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் தலை நீட்டுகிறதே, அதுவும் ஆர்க்கிட்தான்! இதை நான் சொன்னபோது ஒரு மாணவனின் தாயார், "போங்க டீச்சர், அது களையாச்சே! மருந்தடிக்கிற ஆளுங்க முதல்ல அதைத்தானே அடிப்பாங்க" என்று சிரித்தார்.

அடையாளம் எளிது. செம்பனைத் தவரணையில் நிற்கும் இளங்கன்றின் இலையைப் பார்த்திருப்பீர்கள். இதன் இலையும் அதுபோலவே நீளமாக, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். இதன் பெயரான ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிக்காட்டாவில், பிளிக்காட்டா என்றால் மடிப்புள்ளது என்றே பொருள். இடுப்பளவு உயரும் தண்டின் நுனியில் மூன்று, நான்கு பூக்களாக மாற்றி மாற்றி மலர்வதால், ஒரே தண்டு பல வாரங்கள் பூத்துக்கொண்டிருக்கும். மல்லிகைபோல் மணக்காது. கொண்டைக்கு ஆகாவிட்டாலும் சாமி படத்துக்கு அழகாக இருக்கும்.

இதன் விதை தூசியைவிட நுண்ணியது. காற்று எங்கும் தூக்கிச் செல்லும். 1883 இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அந்தத் தீவில் எல்லாம் எரிந்து போன பிறகு, பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கே வந்து முளைத்த முதல் ஆர்க்கிட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் விதையைச் சட்டியில் தூவிப் பார்க்காதீர்கள், முளைக்காது. விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை உணவு கொடுத்தால்தான் அது உயிர் பிடிக்கும். நமக்குக் கிழங்கைப் பிரித்து நடுவதே வழி.

மருந்தடிக்கும் நாளுக்கு முன்பே, மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடர்ந்த குத்தில் பாதியை மட்டும் வேரோடு பெயர்த்து எடுங்கள். அடியில் சேப்பங்கிழங்கு போன்ற குமிழ்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். மூன்று குமிழாவது சேர்ந்திருக்கும்படி சுத்தமான கத்தியால் பிரியுங்கள். ஒற்றைக் குமிழ் பிழைக்கலாம், ஆனால் பூக்க நாளாகும். நடும்போது பலரும் வாழைக் கன்றுபோல் ஆழப் புதைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் மழைக் காலத்தில் குமிழ் அழுகிவிடும். குமிழின் மேல்பாதி வெளியே தெரிய வேண்டும். வேர் மட்டும் மண்ணுக்குள் இருந்தால் போதும்.

மணலும் சுட்ட மண்ணும் மக்கிய இலையும் சம அளவு கலந்தால் நல்லது. களிமண் தரையானால் ஒரு சாண் மேடு கட்டுங்கள். தண்ணீர் தேங்கக்கூடாது, அவ்வளவுதான். அரை நாள் வெயிலாவது வேண்டும்; நிழலில் இலைதான் செழிக்கும். மழை இல்லாத நாளில் ஒரு வேளை தண்ணீர். கோழி எருவை நன்றாக மக்கிய பிறகே, கொஞ்சமாக, குமிழில் படாமல் போடுங்கள். நத்தையையும் இளந்தண்டைக் கடிக்கும் மஞ்சள் வண்டையும் காலையில் கையால் பொறுக்கிவிடலாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்டோரிலிருந்து வரும் காலி மருந்துத் தோம்பைப் பூச்சட்டியாக்காதீர்கள். தண்ணீர் பிடிக்கவும் வைக்காதீர்கள். பேராகுவாட் நம் நாட்டில் 2020 இல் தடை செய்யப்பட்டது உண்மை. அதற்காக மற்றக் களைக்கொல்லிகள் பாலாகி விடவில்லை. எத்தனை முறை கழுவினாலும் பிள்ளைகள் தொடும் இடத்தில் அது வேண்டாம். பழைய மைலோ டின்னில் அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால் போதுமே.

டின்னைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டால் லயமே போய்விடும். தாத்தா வைத்த மாமரத்தையும் முருங்கையையும் அடுக்குமாடி வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. இந்தச் செடியைத் தூக்கிப் போகலாம். வெயில் படும் ஐந்தடித் தாழ்வாரம் இதற்குப் போதும். வீடு மாறப் போவது தெரிந்தால், இரண்டு மாதம் முன்பே பிரித்து டின்னில் நட்டு, வாசலிலேயே வைத்திருங்கள். லாரி வரும் நாளில் புது வேர் பிடித்திருக்கும். பூத்தண்டு இருந்தால் அதை வெட்டிச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, செடியை மட்டும் ஏற்றுங்கள். வழியில் ஒடியாமல் போய்ச் சேரும்.