கேம் வரும் பின்னே, கமெண்ட் வரும் முன்னே

ஒரு புது ஃபேன்டசி ஆன்லைன் கேமுக்கு டிரெய்லர் வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள "கேம் காலி"ன்னு ஒரு கூட்டம், "வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டுக்குச் சங்கு ஊதியாச்சு"ன்னு இன்னொரு கூட்டம். ஒரு வாளைக்கூட இன்னும் யாரும் சுழற்றவில்லை. ரிசல்ட் வர்றதுக்கு முந்தின நாளே யாருக்கு எத்தனை அரியர்னு லிஸ்ட் போடுற ஆள் உங்க ஹாஸ்டல்லயும் இருப்பார்ல, அதே ரகம்.

இதைப் பார்த்துட்டு, "பிளேயர்ஸ் பேச்சைக் கேட்டா எந்த கேமும் உருப்படாது"ன்னு சிலர் சொல்வாங்க. கேம் ஊத்திக்கிட்ட பிறகு, "அன்னைக்கே நாங்க சொன்னோமே, கேட்டீங்களா?"ன்னு வேற சிலர் வருவாங்க. ரெண்டு கட்சியிலும் நான் இல்லை. ரிலீஸுக்கு முன்னாடி பிளேயர் சொல்லும் வலி பெரும்பாலும் நிஜம். அவரே எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டைத்தான் நம்பக்கூடாது. தலை வலிக்குதுன்னு பேஷன்ட் சொன்னா நம்பணும். ஆபரேஷன் பண்ணுங்கன்னு அவரே சொன்னா டாக்டர் ஒரு நிமிஷம் யோசிக்கணும், இல்லையா?

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் நியூ வேர்ல்ட். அமேசான் 2016இல் அறிவித்த கேம். ஏட்டர்னம் என்று ஒரு மாயத்தீவு. அங்கே பழைய காலத்துக் கடலோடிகள் மாதிரி கரையேறுகிறோம். கையில் வாள், கோடாலி, பழைய ரகத் துப்பாக்கி. ஆரம்பத்தில் இருந்த டிசைன்படி ஊருக்கு வெளியே போனால் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். பேப்பர்ல படிக்கும்போது சும்மா அள்ளும். காட்டுக்குள் மரம் வெட்டப் போனால் எந்தப் புதருக்குப் பின்னாலிருந்து யார் வருவார் என்று தெரியாது. மிருகத்தைவிட மனுஷன்தான் பயம்.

ஆல்ஃபா டெஸ்ட்டுக்கு ஆட்களை உள்ளே விட்டதும் நடந்தது நமக்கு நல்லாப் புரியும், ஏன்னா அதுக்குப் பேர் ராகிங். லெவல் ஏறிய ஆட்கள் தங்களுக்குச் சமமானவர்களைத் தேடிப் போகவில்லை. புதுசா வந்தவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். புதுசா வந்தவர்கள் நொந்துபோய் வெளியேறினார்கள். புகார் குவிந்தது. 2020 தொடக்கத்தில் அமேசான் டிசைனையே மாற்றியது: நான் சண்டைக்கு ரெடி என்று நீங்களாகவே கொடி காட்டினால்தான் இன்னொரு பிளேயர் உங்களைத் தொட முடியும். பிரதேசத்தைப் பிடிக்க ஐம்பது பேருக்கு ஐம்பது பேர் மோதும் யுத்தங்கள் மட்டும் தனியாக இருந்தன.

கமெண்ட் பெட்டி ரெண்டாப் பிளந்தது. "அப்பாடா, இப்பதான் விளையாட முடியும்"னு ஒரு பாதி. "கேமோட முதுகெலும்பையே உருவிட்டாங்க"ன்னு ஒரு பாதி. கேட்டா ரெண்டு பாதியும் சரின்னுதான் சொல்வேன். ராகிங் நிஜம், அதை நிறுத்தியே ஆகணும். ஆனா அந்த கேம்ல மத்த பிளேயர்கள்தான் வில்லன், அவங்கதான் கதை, அவங்கதான் த்ரில். அவங்களை எடுத்துட்டா அந்தக் காட்டுல மிச்சம் என்ன? மரம்தான். அந்த வெற்றிடத்தை நிரப்ப அரக்கர்கள் வேணும், கதை வேணும், குகைகள் வேணும். அதையெல்லாம் ஒரு டெவலப்பர் டீம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்யணும்.

அதற்குத்தான் நேரம் பத்தவில்லை என்பது என் கணிப்பு. 2020 மே என்றார்கள், ஆகஸ்ட் என்றார்கள், அப்புறம் 2021 என்றார்கள். கடைசியாக 2021 செப்டம்பர் 28ஆம் தேதி வந்தது. விளையாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: போ, நாலு பெட்டியைத் திற, பத்து எலும்புக்கூட்டை அடி, திரும்பி வா. அடுத்த ஊர். போ, நாலு பெட்டியைத் திற. ஒரே முகம் கொண்ட பிணங்கள் ஊர் ஊராக வேறு வேறு பேரில் நிற்கும். நண்பர்களோடு குகைக்குப் போகலாமென்றால் அதற்கு ஒரு உருண்டை செய்ய வேண்டும், அந்த உருண்டைக்குப் பொருள் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த மரம் வெட்டும் சத்தம் இருக்கே, அது மட்டும் அருமை. நக்கலுக்குச் சொல்லல, சவுண்டு டீமுக்கு என் மரியாதை.

ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9,13,000க்கு மேற்பட்டவர்கள் உள்ளே இருந்த கேம் அது. அடுத்த வருஷம் மார்ச் வந்தபோது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிற்பாடு எவ்வளவோ சரி செய்தார்கள். ஆனாலும் 2025 அக்டோபரில், இனி புது உள்ளடக்கம் எதுவும் வராது என்று அறிவித்துவிட்டார்கள்.

வேற வழி இருந்ததா? இருந்தது. 2003லிருந்து ஓடும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமைப் பாருங்க. அங்கே விண்வெளியே மண்டலம் மண்டலமாகப் பிரிந்திருக்கும். பாதுகாப்பு அதிகமான இடத்தில் உங்களை அடித்தால் போலீஸ் வந்து அடித்தவரின் கப்பலை நொறுக்கும். தள்ளிப் போகப் போகப் பாதுகாப்பு குறையும், லாபம் கூடும். கடைசி எல்லையில் சட்டமே கிடையாது. ரிஸ்க் எடுக்கலாமா வேண்டாமா என்பதை நீங்க எந்தத் திசையில் போறீங்க என்பதே முடிவு செய்யும். ஆல்ஃபாவில் ஆடியவர்கள் சொன்ன வலி "எங்களைக் கொல்றாங்க". கிடைத்த மருந்து "யாரும் யாரையும் கொல்லாதபடி ஒரு ஸ்விட்ச்". நடுவுல இப்படி எத்தனையோ படிகள் இருந்திருக்கு.

"அப்போ கேட்கவே கூடாதா?"ன்னு நீங்க கேட்கலாம். கேட்காம விட்டா என்ன ஆகும்கிறதுக்கு ஃபைனல் ஃபேன்டசி 14 இருக்கு. இன்னைக்கு எல்லாரும் கொண்டாடுற கேம்தான், ஆனா அது ரெண்டாவது பிறவி. முதல் பிறவி 2010 செப்டம்பர் 30. பீட்டாவிலேயே ஆட்கள் கதறினார்கள்: ஒரு மெனு திறக்க இவ்வளவு நேரமா? சந்தையில் ஒரு பொருளைத் தேட வழியே இல்லாமல், கடைகடையாக ஏறி இறங்க வேண்டுமா? குறிப்பிட்ட அளவுக்கு மேல் விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளியையே குறைப்பது எந்த ஊர் நியாயம்? அடிப்படையான இந்தக் குறைகள் தீராமலே கேம் கடைக்கு வந்தது. பெயிலானது. அந்த டிசம்பரிலேயே டைரக்டரை மாற்றினார்கள். புதிதாக வந்த நவோகி யோஷிடா பின்னாளில் ஒரு மாநாட்டில் சொன்ன விவரம் ரொம்பப் பிரபலம்: பழைய கேமில் ஓரமாக நிற்கும் ஒரு பூந்தொட்டிக்கு, ஒரு பிளேயரின் உருவத்துக்குச் செலவான அளவு பாலிகன் செலவாகியிருந்ததாம். பூந்தொட்டியை யாரும் கேட்கல. மெனுவைத்தான் கேட்டாங்க.

யோஷிடா வந்ததும் பிளேயர்களுக்கு நேராகக் கடிதம் எழுத ஆரம்பித்தார், எதை முதலில் சரி செய்யலாம் என்று சர்வே வைத்தார். 2012 நவம்பரில் பழைய உலகத்தையே, கதைப்படி ஒரு நிலாவை அதன் தலையில் போட்டு, மூடினார்கள். 2013 ஆகஸ்ட் 27இல் புது கேம் வந்தது. கேட்டு ஜெயிச்ச கதைன்னு இதைச் சொல்வாங்க. எனக்கு அதுல பிடிச்சது, அவர் கேட்டதைவிட, கேட்ட பிறகு எடுத்துக்கிட்ட நேரம். ரெண்டரை வருஷத்துக்கு மேல. அவ்வளவு பொறுமையும் அவ்வளவு பணமும் எத்தனை கம்பெனிக்கு இருக்கும்?

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் வைல்ட்ஸ்டார். ஃபேன்டசியும் சயின்ஸ் ஃபிக்ஷனும் கலந்த கார்ட்டூன் உலகம். ரிலீஸுக்கு முன்னாடி அதிகமா சத்தம் போட்டவர்கள் வார்கிராஃப்ட்டின் பழைய ஆட்கள். "அந்தக் காலம் மாதிரி கஷ்டமா வேணும், நாற்பது பேர் சேர்ந்து பண்ற ரெய்டு வேணும், ரெய்டுக்குள்ள போறதுக்கே தகுதித் தேர்வு வேணும்." கம்பெனி அத்தனையும் கொடுத்தது. 2014 ஜூனில் கேம் வந்தது. நாற்பது பேர் ரெய்டும் வந்தது, நாற்பது பேர்தான் வரவில்லை. ஒரு சிம்போசியம் பேப்பருக்கு நாலு பேரை ஒரே நேரத்தில் லேபுக்கு வர வைக்க உங்களால் முடியுதா? வாரா வாரம் நாற்பது பேரை, ஒரே ராத்திரியில், மூணு மணி நேரம், ஹெட்செட்டோடு உட்கார வைக்கணும். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களுக்கு இப்போ கல்யாணமாகி, குழந்தை இருந்து, காலையில் ஆபீஸும் இருக்கு. அவர்கள் கேட்டது கேமை இல்லை, தங்களோட இருபது வயசை. அதை எந்த சர்வரிலும் ஹோஸ்ட் பண்ண முடியாது. 2015இல் இலவசமாக்கினார்கள், 2018 நவம்பரில் மூடினார்கள்.

ஆசைப்படுவது வேறு, செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உண்மையிலேயே உட்கார்ந்து செய்வது வேறு. ரிலீஸுக்கு முன்னாடி வாங்குற கருத்தில் முதலாவதுதான் முக்கால்வாசி இருக்கும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2013லிருந்து புது விஷயங்களை பிளேயர்கள் ஓட்டுப் போட்டுத்தான் அனுமதிக்கிறார்கள்; முன்பு 75 சதவீதம் ஆதரவு தேவைப்பட்டது, பிறகு 70 ஆக்கினார்கள். அது அங்கே வேலை செய்ய ஒரு காரணம், ஓட்டுப் போடுறவங்க தினமும் அதே கேமுக்குள்ள கிடக்கிறவங்க. டிரெய்லர் பார்த்து ஓட்டுப் போடல.

இன்னொரு சிக்கல், யார் பேசுறாங்க என்பது. நியூ வேர்ல்டின் 2021 ஜூலை பீட்டாவுக்குள் போக எளிய வழி, முன்கூட்டியே காசு கட்டி ஆர்டர் செய்வது. காசு கட்டினவங்க கருத்து எப்படி இருக்கும்? ஒண்ணு, கட்டின காசு வீண் ஆகலன்னு தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி இருக்கும். இல்லன்னா கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு அப்பளம் வரலன்னு கத்துற மாதிரி இருக்கும். நடுவுல நின்னு நிதானமாப் பேசுறவங்க கம்மி.

அதே பீட்டாவில்தான் விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. "கேம் ஜிபியுவைக் கொல்லுது"ன்னு உலகம் முழுக்கப் பேச்சு. அமேசான், மெனுத் திரையில் ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வைத்துப் பேட்ச் விட்டது. கார்டு தயாரித்த ஈவிஜிஏ, திரும்பி வந்த கார்டுகளை ஆராய்ந்து, சில கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று சொன்னது. ஈசிஇ மக்களே, ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கலாம்: கடைசியில விஷயம் நம்ம டிபார்ட்மென்ட் லேப்லதான் வந்து நின்னுது. "கேம் கொல்லுது" என்ற கருத்து பாதிதான் உண்மை. ஆனால் "இந்தக் கார்டு, இந்தத் திரையில், இந்த நேரத்தில் அணைஞ்சது" என்று எழுதினவர் ஒவ்வொருவரும் முழு உண்மையைக் கொடுத்தார். அந்த மாதிரி வரிகளுக்காகத்தான் பீட்டாவே நடக்குது.

அப்புறம் நாம. நம்ம ஊர் ஆள் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நியூ வேர்ல்ட் வெளியானபோது சர்வர்கள் அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் இருந்தன. இந்தியாவில் இல்லை. கூத்து என்னன்னா, அதே அமேசானுக்கு மும்பையில் 2016லிருந்தே கிளவுட் டேட்டா சென்டர்கள் இருக்கு. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் மினி புராஜெக்டை அதுலதான் ஏத்துறோம். குதித்து விலகி அடிக்கும் சண்டை அது. எதிரியின் கோடாலி இறங்குமுன் நீங்க உருண்டாகணும். சிட்னிக்குப் போய் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகும்னு நீங்களே ஹாஸ்டல் வைஃபையில ராத்திரி ஒன்பது மணிக்கு பிங் போட்டுப் பாருங்க. நீங்க உருண்ட செய்தி சிட்னிக்குப் போய்ச் சேரும்போது இறுதிச் சடங்கு முடிஞ்சிருக்கும். இது ரசனை சார்ந்த கருத்தே கிடையாது. ஒரு நம்பர். ஆனால் நம்மில் பீட்டா கிடைத்தவர்கள் ஃபீட்பேக் பெட்டியில் பெரும்பாலும் எழுதுவது "வேற லெவல்" அல்லது "வேஸ்ட்".

அதனால அடுத்த ஃபேன்டசி கேமின் பீட்டா கீ உங்க கைக்கு வந்தா, அந்தப் பெட்டியில இதை எழுதுங்க: எந்த ஊர், எந்த நெட், எத்தனை மணிக்கு, பிங் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தபோது தடுமாறியது, எத்தனையாவது மணி நேரத்தில் போர் அடிச்சு வெளியே வந்தீங்க. எப்படிச் சரி பண்ணணும்னு அவங்க யோசிச்சுக்கட்டும், அதுக்குத்தான் சம்பளம். டிரெய்லர் மியூசிக் சூப்பர்னு கடைசியில ஒரு வரி போட்டுக்கலாம், தப்பில்ல.