வெற்றிடத்துக்கும் விலை உண்டு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்கள் 2026 முதல் 1 விழுக்காடு பசுமை எரிபொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற இலக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் அதை 3 முதல் 5 விழுக்காடாக உயர்த்துவது நோக்கம். செலவை ஈடுகட்டப் பயணச்சீட்டோடு ஒரு தீர்வை. தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் தேடும் குடும்பங்களுக்கு இது கையைக் கடிக்கும் விஷயம்தான்.

அந்த எரிபொருள் எதிலிருந்து வருகிறது? இப்போதைக்குப் பெரும்பாலும் நாம் பொரித்து முடித்த எண்ணெய் போன்ற கழிவுகளிலிருந்து. துவாஸில் உள்ள நெஸ்டே ஆலை 2023 விரிவாக்கத்துக்குப் பின் ஆண்டுக்கு 1 மில்லியன் டன் வரை அதைத் தயாரிக்கும் திறன் கொண்டது. ஆனால் உலகத்தில் எத்தனை வடை சுட்டாலும் எல்லா விமானங்களுக்கும் போதுமான பழைய எண்ணெய் சேராது. அதனால்தான் ஆய்வாளர்கள் வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்க முயல்கிறார்கள்.

கூரையில் பதிக்கும் சூரியத் தகடுகளை நான் சொல்லவில்லை. இது மின்சாரம் அல்ல, சூடு. ஸ்பெயினில் மட்ரிட் அருகே மோஸ்டோலெஸ் என்ற ஊரில் 169 கண்ணாடிகள் வெயிலைத் திரட்டி ஒரு கோபுரத்தின் மேல் குவிக்கின்றன. அங்கே இருக்கும் உலைக்குள் சீரியம் ஆக்சைடு என்ற பொருள் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. கார் புகையில் மாசைக் குறைக்கும் கருவியிலும் இதே பொருள் உண்டு.

அந்தச் சூட்டில் அது தன்னிடமுள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தை வெளியே விடும். பிறகு 900 டிகிரி அளவுக்கு ஆறவைத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் உள்ளே விடுவார்கள். இழந்த ஆக்சிஜனை அந்த இரண்டிடமிருந்தும் அது பறித்துக்கொள்ளும். மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இந்தக் கலவையிலிருந்து விமான எரிபொருளைச் செய்யலாம். அந்தக் கடைசிப் படி, 1920களிலேயே ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஃபிஷரும் டிராப்ஷும் கண்டுபிடித்த வழி.

கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், முதல் படியில் வெளியே வரும் ஆக்சிஜனில்தான்.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. மலையுச்சியில் அழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அப்படித்தான். உலைக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் அது எளிதாக வெளியேறும். நிறைய வெளியேறினால் அடுத்த படியில் நிறைய எரிபொருள். ஆகவே வெற்றிட பம்ப் வைத்து உள்ளே இருப்பதை இடைவிடாமல் உறிஞ்ச வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், 1 லிட்டர் ஆக்சிஜன் அதே சூட்டில் 1,000 லிட்டராக விரியும். பம்ப் அத்தனையையும் இழுத்தாக வேண்டும். அழுத்தம் இறங்க இறங்க பம்ப் பெரிதாகும், மின்சாரம் கூடும், விலை ஏறும். எரிபொருள் செய்யப் போய் எரிபொருளையே தின்னும் நிலை வரலாம். பம்புக்குப் பதில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த நைட்ரஜனையும் சூடாக்க வேண்டும், பிறகு சுத்தப்படுத்த வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மூன்கேக் பொட்டலத்துக்குள் ஒரு சின்னப் பை இருக்குமே, 'சாப்பிடாதீர்கள்' என்று அச்சடித்திருப்பார்கள். அதிலுள்ள இரும்புத்தூள் பொட்டலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனை விழுங்கிக் கேக்கைக் கெடாமல் காக்கிறது. அதே உத்தியை ஜெர்மன் விண்வெளி மையமான டிஎல்ஆரின் ஆய்வாளர்கள் உலைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். வேறொரு ஆக்சைடு பக்கத்தில் இருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. மூன்கேக் பை ஒரு முறையோடு சரி. இதையோ உலையைவிட மிகக் குறைந்த சூட்டில் மறுபடி தயார் செய்யலாம். அந்தச் சூட்டுக்கு உலையில் வீணாகும் வெப்பமே உதவக்கூடும்.

மோஸ்டோலெஸ் ஆலையின் முடிவுகள் 2022ல் வெளியாயின. உலைக்குள் விழுந்த வெயிலின் ஆற்றலில் 4.1 விழுக்காடுதான் அந்த வாயுக் கலவையாக மாறியது. இழப்பில் பெரும்பங்கு, பொருளைச் சூடாக்கி ஆறவைப்பதில் போகும் வெப்பம். அதை மீட்க வேண்டும், பம்பின் செலவையும் அடக்க வேண்டும். இரண்டும் கைகூடினால்தான் இது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரும்.

கண்ணாடிகளும் கோபுரமும் படம் எடுக்க நன்றாக இருக்கும். பம்பை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பகுதி மின்கடத்தி ஆலைகளில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெற்றிட பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த அனுபவம் இந்தத் தீவில் ஏற்கெனவே இருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதையும் ஒரு வேலையாக நினைத்துப் பார்க்கலாம்.

'வெயிலிலிருந்து விமான எரிபொருள்' என்று அடுத்த முறை செய்தி வந்தால் மகிழ்வோம். கூடவே ஒன்றையும் கேட்போம்: பம்ப் குடித்தது போக மிச்சம் எவ்வளவு? நம் டிக்கெட் விலையில் அந்தப் பதிலும் சேர்ந்திருக்கும்.