எங்கே பெறுவது? - இங்கிலாந்தின் மகப்பேற்றுத் தெரிவுகளும் நம்மவரும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமது வழக்கம். எங்கே பெறுவது என்ற கேள்விக்கு ஊரில் உறவுமுறையே விடை சொல்லிவிட்டது. புலம்பெயர்ந்த பின்னர் தாய்வீடு கடல்கடந்து போய்விட்டது. இங்கிலாந்தில் கருவுற்றிருக்கும் ஒரு தமிழ்ப்பெண்ணிடம் மருத்துவிச்சி நான்கு இடங்களைச் சொல்கிறார்: சொந்த வீடு, தனித்து இயங்கும் மருத்துவிச்சியர் நிலையம், மருத்துவமனை வளாகத்திலேயே உள்ள மருத்துவிச்சியர் நிலையம், மகப்பேற்று மருத்துவர்கள் பணிபுரியும் பிரசவப் பிரிவு. இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது அவளது உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தப் போதிய தகவல் அவளிடம் இருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இந்தத் தெரிவு இந்த நாட்டுப் பெண்களுக்கும் எப்போதும் இருந்ததில்லை. 1960ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்றில் ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்தது. எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நிகழ வசதி வேண்டும் என்று 1970இல் பீல் குழு பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு வீட்டுப் பிரசவம் வேகமாகக் குறைந்தது. இன்று அது நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்றுதான். 1993இல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு தாயின் விருப்பத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. அவரே 2016இல் மீண்டும் ஒரு தேசிய ஆய்வுக்குத் தலைமை தாங்கி அதையே வலியுறுத்தினார்.

இதற்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 2011இல் வெளியான பிறப்பிட ஆய்வு. ஆபத்துக் குறைந்த ஏறத்தாழ 64,000 தாய்மாரை அது ஆராய்ந்தது. முன்பே குழந்தை பெற்றவர்களைப் பொறுத்தவரை, வீட்டில் பெறத் திட்டமிட்டாலும் மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டாலும் குழந்தைக்கு நேரும் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதற்குழந்தைக்கு நிலைமை வேறு. மரணம், மூளைப் பாதிப்பு போன்ற கடுமையான விளைவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, மருத்துவர் பிரிவில் அது ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. மருத்துவிச்சியர் நிலையங்களில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் பெறத் தொடங்கிய முதல்முறைத் தாய்மாரில் 45 விழுக்காட்டினர் இடையில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். வலி தாங்காமல் முதுகுத்தண்டில் எபிடியூரல் ஊசி வேண்டுமென்றாலும் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

இந்த எண்களைப் படிக்கும்போது 'ஆபத்துக் குறைந்த' என்ற சொல்லை நாம் தாண்டிப் போய்விடக்கூடாது. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். அதனாலேயே 24 முதல் 28 வாரங்களுக்குள் அவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்படுகிறது. நீரிழிவு உறுதியானால் அந்தத் தாய் ஆய்வு பேசிய கூட்டத்திலிருந்து விலகிவிடுகிறாள். அந்த எண்கள் அவளுக்கானவை அல்ல. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் வீட்டிலே சுகமாகப் பெற்றாள் என்பது நம் பெண்ணுக்கு ஆறுதலாகவோ அறிவுரையாகவோ ஆகாது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நாடின் மாண்ட்கமரியின் வழக்கு இங்கே நினைவுகூரத் தக்கது. அவர் நீரிழிவுள்ளவர், உருவத்தில் சிறியவர். அத்தகைய தாய்மாரின் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து என்ற அளவில் இருந்தது. அதைச் சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்று கருதி மருத்துவர் சொல்லவில்லை. 1999இல் தோள் சிக்கியது; குழந்தை மூளைவாதத்தோடு பிறந்தது. தாய்க்கு முக்கியமாகத் தோன்றக்கூடிய ஆபத்தை அவளிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிசேரியன் என்றாலே குற்றம்போலப் பார்த்ததன் விலையை 2022 மார்ச்சில் வெளியான ஒக்கெண்டன் அறிக்கை காட்டியது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபர்ட் மருத்துவமனைகளில் நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று அது கூறியது. அறுவைச் சிகிச்சை விகிதம் குறைவாக இருப்பதை அங்கே பெருமையாகக் கருதியிருந்தார்கள். இன்று இங்கிலாந்தில் சிசேரியன் 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அது 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஊரில் எல்லோருக்கும் கத்திதான், இங்கே கத்தியே எடுக்கமாட்டார்கள் என்று நம்மவர் பேசிக்கொள்ளும் பழைய கணக்கு இனிச் செல்லாது.

ஈழத்தவருக்கு மருத்துவிச்சி புதியவர் அல்லர். கிராமம் கிராமமாக வீடு தேடிவந்த பொதுச் சுகாதார மருத்துவிச்சிகளாலேயே இலங்கையின் தாய் மரணம் அவ்வளவு குறைந்தது. இங்கே தடையாக நிற்பது மொழி. கணவனோ மாமியாரோ மொழிபெயர்க்கும் அறையில், தன் உடலைப் பற்றி ஒரு பெண் எத்தனை கேள்வி கேட்பாள்? உறவினரல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு கர்ப்பகாலக் கவனிப்பு வழிகாட்டலே சொல்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது சலுகையல்ல. 2020-22 ஆண்டுகளில் பிரித்தானியாவில் ஆசியத் தாய்மாரின் மரண விகிதம் வெள்ளையினத்தவரினதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைச் சிறுவிடயம் என்று ஒதுக்க முடியாது.

ஆகவே ஏழாம் மாதத்திலே, வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கும் அந்த நாட்களிலேயே, சில கேள்விகளையும் கேட்டு வையுங்கள். என் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் என்னை எந்தப் பிரிவில் வைக்கின்றன? இடையில் மாற்றவேண்டி வந்தால் மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம்? ஆட்பற்றாக்குறையால் நிலையம் மூடப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள்? நள்ளிரவில் எனக்காக யார் தமிழில் பேசுவார்? விடைகளைப் பிரசவத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அழையுங்கள்.

பிள்ளை பிறந்த பின்னர் பத்தியக் கறிக்கு ஊரிலிருந்து அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். எங்கே பெறுவது என்பதை மட்டும், அம்மா வருமுன்னரே, முழு விவரம் தெரிந்து அந்தப் பெண் தீர்மானித்திருக்க வேண்டும்.