வீட்டு விசேஷமும் கணக்கில் வராத செலவும்

எங்கள் வீட்டில் ரெண்டு வாரமாக ஒரே பஞ்சாயத்து. ஆயாவுக்கு அடுத்த மாதம் 80 வயது முடிகிறது. விசேஷத்தை வீட்டில் வைப்பதா, ஹாலில் வைப்பதா? அப்பா ஹால் கட்சி, சித்தப்பா வீட்டுக் கட்சி. நான் பி.காம் படிக்கிறேனாம், "கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போட்டேன். ஹால் வாடகை, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அலங்காரம், கரண்டுக்குத் தனி, சுத்தம் செய்யத் தனி. வீட்டில் என்றால் ஷாமியானா, நாற்காலி வாடகை, மளிகை, அவ்வளவுதான். சித்தப்பா முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு. (பரீட்சையில் எழுதியிருந்தால் பாதி மார்க்கூட வந்திருக்காது.) போன வருஷம் தம்பி பிறந்தநாளுக்கு வீட்டில் 40 பேருக்குச் சமையல். காலை 4 மணிக்கு எழுந்த அம்மா, கேக் வெட்டும்போதும் அடுப்படியில்தான் இருந்தார். ஒரு போட்டோவில்கூட அம்மா இல்லை. கையைவிட்டுப் பணம் போகாவிட்டாலும் உழைப்பும் செலவுதான் என்று வகுப்பில் படிக்கிறோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். 'வீட்டில் செய்தால் மலிவு' என்பவர்களில் எத்தனை பேர் அண்டா தேய்த்திருக்கிறார்கள், சொல்லுங்கள்?

அப்போ ஹாலா? அதுவும் எனக்குச் சம்மதமில்லை. அப்பா பார்த்து வைத்த ஹால் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆயாவுக்கு முட்டிவலி. அவருக்காக நடக்கும் விசேஷத்துக்கு அவரையே நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதா?

நம்ம ஊர்த் தமிழர் பகுதிப் பழைய வீடுகளைப் பாருங்கள். வாசலில் திண்ணை, உள்ளே தாழ்வாரம், நடுவில் முற்றம். விசேஷத்துக்கென்றே கட்டின மாதிரி இருக்கும். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அந்த மாதிரி வீடுகள் சில இப்போது ஹோட்டலாகிவிட்டன. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடக் காசு கொடுக்கிறோம்! எங்கள் வீடு அவ்வளவு பெரிசில்லை, முற்றமும் இல்லை. ஆனால் ஒரு திண்ணை மிச்சம் இருக்கிறது. ஆயா அதில் உட்கார்ந்தால் போதும், தெருவே வந்து பேசிவிட்டுப் போகும்.

அதனால் என் தீர்ப்பு: வீட்டில்தான், ஆனால் அடுப்பு பற்ற வைக்கக்கூடாது. சாப்பாடு மொத்தமும் கேட்டரிங். பரிமாறுவதும் பாத்திரம் எடுப்பதும் அவர்கள் ஆட்களே. ஹாலைவிடக் குறைவு, சித்தப்பா சொன்னதைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டம், வண்டி நிறுத்த இடம் தேடியே வருகிறவர்கள் சலித்துப்போவார்கள். முந்தின நாள் சாயங்காலம் சரியாக இருக்கும்.

அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அம்மா மட்டும் அந்தக் கணக்குப் பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தார்.