குறை கண்டதற்கும் கூலி

சில மாதங்களுக்கு முன் அரநாயக்கப் பக்கம் போயிருந்தபோது, ஒரு கொழுந்து லொறியின் பழுதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. டொயோட்டா டைனா, 3பி இஞ்சின். இறக்கத்தில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ரேஸ் இறங்கவில்லை. பின்னால் கறுப்புப் புகை. முதல் கராஜில் நான்கு நொசிலையும் மாற்றினார்கள். இரண்டாவது கராஜில் பம்பைக் கழற்றி பம்ப் ரூமுக்கு அனுப்பினார்கள். லொறிக்காரர் இரண்டு இடத்திலும் பணம் கட்டினார், பழுது போகவில்லை. சாக்கில் கட்டிய கொழுந்து வழியில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அதைத் தொழிற்சாலை எடுக்காது. அந்த நட்டத்துக்கு யாரும் பில் எழுதுவதில்லை.

மூன்றாவதாக, தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் பாஸிடம் லொறி வந்தது. உதவிக்கு நின்ற பையன் ஸ்பானரை எடுத்தான். "சாவிய கீழ வை தம்பி" என்றவர், டிரைவரைப் பார்த்து, "ஏத்தத்துல இழுக்குதா? காலை எடுத்தா மட்டுந்தான் இப்படிக் கத்துதா?" என்று கேட்டார். "இழுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ், இறக்கத்துலதான் பயமா இருக்கு" என்றார் டிரைவர்.

இஞ்சினை நிறுத்தி, கவர்னருக்கு வரும் வெக்கியூம் குழாயை பாஸ் கழற்றினார். ஸ்டொப் லீவரைக் கடைசிவரை தள்ளிப் பிடித்து, குழாய் வாயை விரலால் அடைத்து, லீவரை விட்டார். டயப்ரம் நன்றாக இருந்தால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நிற்கும். இங்கே அது நிற்காமல் முழு டீசல் பக்கமாக ஊர்ந்து போனது. கவர்னர் மூடியைத் திறந்தபோது தோல் டயப்ரம் காய்ந்து, ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. பழுதைக் காண அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தக் கவர்னரைப் பார்க்காத இளம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சுழலும் எடைகளுக்குப் பதிலாக, காற்று உள்ளே போகும் வழியில் ஒரு பட்டர்பிளை வால்வு இருக்கும். காலை எடுத்தால் அது மூடும், வெக்கியூம் கூடும், டயப்ரம் ரேக்கை இழுத்து டீசலைக் குறைக்கும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் ரேக்கை எப்போதும் முழு டீசலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். டயப்ரமோ குழாயோ காற்றுக் கசிந்தால் ஸ்பிரிங் வெல்லும், ரேஸ் ஏறும். தோலுக்கு அவ்வப்போது சில துளி எண்ணெய் விட்டிருந்தால் போதும். நொசிலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அரநாயக்க, மழைக்கு மண் சரியும் மலைப்பகுதி. 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து மக்களைப் புதைத்த மண் இது. இங்கே இறக்கத்தில் அடங்காத இஞ்சினோடு ஒரு லொறி இறங்குவதை வெறும் பராமரிப்புக் குறை என்று சொல்லி நாம் விட்டுவிட முடியாது.

பழைய லொறிகள் தானாக மறைந்துவிடும் என்று நினைத்தோம், அது நடக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் பரவலாகத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் கொழுந்தையும் இறப்பரையும் இழுத்த வண்டிகளில் பழைய எல்ஃப், கென்டர், டைனா, டாட்டாக்களின் பங்கு பெரிது. ஆனால் பயிற்சி வேறு திசையில் போய்விட்டது. 1995இல் டென்சோ, ஹினோ லொறியில் கொமன் ரெயிலைக் கொண்டுவந்த பிறகு, டீசல் படிப்பு என்றாலே ஸ்கேனர் என்றாகிவிட்டது. ஸ்கேனர் தேவைதான். ஆனால் 3பியில் அதைச் செருக இடமில்லை. அங்கே காதும் விரலும் பீலர் கேஜும்தான் ஸ்கேனர்.

பழைய இஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. டாட்டா 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீற்றர் போர். 697 என்றால் 97. பெயரிலேயே அளவு இருந்தும் ரிங் செட்டை மாற்றி வாங்கிவந்து நிற்பவர்களைப் பார்க்கிறோம். டெலிவரி வால்வைக் கழற்றி, டீசல் சொட்டு நிற்கும் இடத்தைப் பார்த்து டைமிங் வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். பழைய அடையாளத்தில் பம்பைப் பூட்டிவிட்டு, புகைப் பரிசோதனையில் விழுந்த பிறகு நொசிலைக் குற்றம் சொல்கிறோம்.

நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை என்று லொறிக்காரர்கள் சொல்வதை நாம் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அந்த பாஸின் பில்லே பதில். அவர் வாங்கியது டயப்ரத்தின் விலையும், அதைப் பூட்டிய கூலியும்தான். நான்கு நொசில் மாற்றிய கராஜ் அதைவிடப் பல மடங்கு வாங்கியது. கழற்றினால் காசு, கண்டுபிடித்தால் காசில்லை என்பதுதான் நம் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கில் பத்து நிமிடத்தில் பழுதைக் காண்பவர் ஏழையாகிறார். அவரிடம் கற்க வரும் பையனும் அதைப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறான். பக்கத்தில் நின்ற அந்தப் பையன் என்னிடம் சொன்னதும் அதுதான்: கொழும்பில் டயர் கடையில் இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்களாம்.

எனவே இந்த இதழ் மூன்று காரியங்களைக் கேட்கிறது. முதலாவது, குறை கண்டறிவதற்குத் தனிக் கூலி. வண்டியைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லி வாங்குங்கள். சோதித்த முறையையும் கண்ட அளவையும் வண்டிக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் தயங்காமல் தருவார்கள். இரண்டாவது, கராஜுக்கு ஒரு கொப்பி. வண்டி, இஞ்சின் எண், வந்த குறை, செய்த சோதனை, கண்ட காரணம் ஆகிய ஐந்து வரி போதும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதுங்கள். தெரியாத பம்பைத் திறக்காமல் பம்ப் ரூமுக்கு அனுப்பினால் அதையும் எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. மூன்றாவது, தகைமை. சான்றிதழ் இல்லாத மூத்த பாஸ்மார்களின் அனுபவத்தையே சோதித்து, தேசியத் தொழிற்தகைமையான என்.வி.கியூ. தரும் வழி அரசுப் பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. அவர்களை அங்கே அழைத்துப் போவது நம் பொறுப்பு. தகைமை கிடைத்த பாஸிடம் பயிற்சி நிலையங்கள் மாணவர்களை அனுப்பினால், இன்லைன் பம்பும் வெக்கியூம் கவர்னரும் இன்னொரு தலைமுறைக்குப் போகும்.

நாளைக் காலை உங்கள் கராஜுக்குள் வரும் முதல் லொறியில் தொடங்குங்கள். அந்தப் பில்லின் முதல் வரியில் 'குறை கண்டறிந்த கூலி' என்று எழுதுங்கள். அந்த வரியைப் பார்க்கும் பையன் ஸ்பானரை எடுக்கும் முன் கேள்வி கேட்கப் பழகுவான்.