விளம்பம் யாருடைய ஓய்வு?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் இப்பத்திரிகைக்காக என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். மேற்கத்திய சாஸ்திரீய சங்கீதத்தில், பியானோ கன்செர்ட்டோக்களின் மெதுவான நடுப்பகுதிகளில் எனக்குப் பிடித்தவை ஐந்தோ பத்தோ; ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. 'ராத்திரி போட்டுக் கேட்டால் மனசு அடங்கித் தூக்கம் வரவேண்டும், அந்த மாதிரி' என்றார். உட்கார்ந்து எழுதவும் செய்தேன். மோஸார்ட்டின் ஏ மேஜர், பீத்தோவனின் நான்காவது, ராவெலின் ஜி மேஜர் என்று மூன்று வரை வந்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்பதுதான் இக்கட்டுரை.

அதே வாரம் இன்னொரு நண்பர், இவர் முற்போக்குக்காரர், சத்திரம் பஸ் நிலையத்தருகே டீக்கடையில் வைத்து இதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். 'விளம்ப காலம் என்பது காவிரிப் பாசன மிராசுதாரின் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏப்பம். நிலம் இருந்தவனுக்கு நேரம் இருந்தது. நேரம் இருந்தவனுக்குச் சௌக்கம் இருந்தது. நீயும் நானும் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். நமக்கு எதற்கு அது?'

இவ்விருவரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள். மெதுவான சங்கீதம் என்றால் ஓய்வு. ஒருவருக்கு அந்த ஓய்வு வேண்டியிருக்கிறது. மற்றவருக்கு அது குற்றமாகப் படுகிறது. இரண்டுமே சங்கீதத்தைக் காதால் கேட்காமல் எட்டிய முடிவுகள் என்று நான் சொல்கிறேன்.

முதலில் தூக்க மாத்திரைக்காரர்கள். மோஸார்ட்டின் சி மேஜர் கன்செர்ட்டோ ஒன்று, 1785 மார்ச்சில் முடிக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியை 1967இல் 'எல்விரா மாடிகன்' என்ற ஸ்வீடிஷ் படத்தில் எடுத்தாண்டார்கள். அன்றிலிருந்து அந்த நடுப்பகுதிக்கு முன்னும் பின்னும் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. கன்செர்ட்டோவுக்கே படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. 'மன அமைதி' என்ற தலைப்பில் தொகுக்கப்படும் எல்லாக் கதம்பங்களிலும் அது இருக்கும். ஆனால் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒலி அடக்கிய வயலின்களின் கீழே மும்மூன்றாக ஒரு துடிப்பு ஓடுகிறது. அது அநேகமாக நிற்பதே இல்லை. அந்த ராகமோ அடிகளை ஒழுங்காக நாலு நாலாகப் பிரித்துக்கொண்டு வருவதில்லை. இதம் என்று நாம் நினைக்கிற இடத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. இனி ஆரம்பித்த வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று காத்திருக்கும்போது, அதே ராகம் வேறொரு ஸ்தாயிப் பின்னணியில், ஏ ஃபிளாட்டில், வந்து நிற்கிறது. வழி தவறி அடுத்த தெருவில் நம் வீட்டைப் போலவே ஒரு வீட்டைப் பார்த்த மாதிரி. இதைக் கேட்டுத் தூங்கிவிடுகிறவர், கேட்கவில்லை.

அடுத்த வருஷம், 1786இல் எழுதிய ஏ மேஜர் கன்செர்ட்டோவின் நடுப்பகுதி எஃப் ஷார்ப் மைனரில் இருக்கிறது. மோஸார்ட் தம் வாழ்நாளில் வேறு எந்தப் பகுதியையும் அந்தச் சுருதியில் அமைத்ததில்லை. பியானோ தன்னந்தனியாக ஆரம்பிக்கிறது. ஸ்வரங்கள் சொற்பம்; தாவல்கள் பெரிது. வேகமான பகுதியில் ஒரு ஸ்வரம் கோணினால் அடுத்த பத்து ஸ்வரங்கள் அதை மூடிவிடும். இங்கே மூடுவதற்கு ஒன்றும் கிடையாது. பீத்தோவனின் நான்காவதில் நடுப்பகுதி மொத்தமே 72 அடிகள். நரம்பு வாத்தியங்கள் அத்தனையும் சேர்ந்து ஒரே குரலில் அதட்டுகின்றன. பியானோ தணிந்த குரலில் பதில் சொல்கிறது. வாதம். கடைசியில் எந்தப் பக்கம் அடங்குகிறது என்பதைக் கேட்பவன் தானே தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, அது முடிவதும் இல்லை. இடைவெளி விடாமல் மூன்றாம் பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. இதை வெட்டி எடுத்துப் பட்டியலில் வைப்பது, ஒரு நாவலின் நடுவிலிருந்து மரணப்படுக்கை அத்தியாயத்தைக் கிழித்து 'படுக்கை நேரக் கதை' என்று விற்பதற்குச் சமம்.

இதெல்லாம் வியன்னாவின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கச்சேரியின் நடுப்பகுதிக்கு நாம் என்ன செய்தோம்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) மத்திம காலத்தை முதுகெலும்பாக வைத்து, உருப்படிகளைப் பெருக்கி, கச்சேரியை ஓட்டமுள்ளதாக்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மேதை; எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அவருக்குப் பின் வந்தவர்கள் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷச் சொச்சம். அதற்குள் கிருதி முடிய வேண்டும். 1939இல் திருச்சியில் வானொலி நிலையம் வந்தது. அதற்கும் அதன் கடிகாரம் உண்டு. டிக்கெட் வாங்கியவர் கைதட்டக் காத்திருக்கிறார். கைதட்டல் துரிதத்தில்தான் விழும். நாலு களைப் பல்லவி அபூர்வமாயிற்று. பதம் தனி ஆவர்த்தனத்துக்குப் பின்னால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்கள் எழுந்து போகிற இடத்துக்குத் தள்ளப்பட்டது.

அப்படி ஓடாதவர் ஒருவர் இருந்தார். எம்.டி. ராமநாதன் (1923–1984). டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். அவர் மெதுவாகப் பாடியதைக் கேலி செய்யாத சங்கீத வம்புக்காரர் அந்தக் காலத்தில் குறைவு. சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. இறந்தபின் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறவர்களில் நம் சிறுபத்திரிகைக் கூட்டமும் சேர்த்தி. 'தியானம்', 'சாந்தி', 'மௌனம்' என்று எழுதித் தள்ளுகிறோம். கேலி செய்தவர்களாவது அவர் குரல் தங்களைத் தொந்தரவு செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். நாம் அந்தத் தொந்தரவையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

இனி முற்போக்கு நண்பர். அவர் சொல்வதில் பாதி உண்மை, மறுக்க மாட்டேன். சபா நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரை உட்காரவிடவில்லை என்பது எனக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் அவர் கேட்பவனை மட்டும் பார்த்துவிட்டு, செய்தவனை மறந்துவிடுகிறார். மிராசுதாருக்கு நேரம் இருந்தது, சரி. சௌக்கத்தை உண்டாக்கியவர் மிராசுதாரா? வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்தபோது அவரிடம் எத்தனை வேலி நிலம் இருந்தது? அவர் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்கள், இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) ஒரே வரிக்கு மாறி மாறிப் பிடித்த அபிநயங்கள், இவையெல்லாம் தேவதாசி மரபின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த வேலை. 1947இல் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினோம், நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்களின் உழைப்பை மிராசுதாரின் ஏப்பம் என்று எழுதுவது எந்த முற்போக்கு? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை விரித்தாரே, அது உட்கார்ந்து தின்ற ஜாதியின் சங்கீதமா? சுவாமிக்கு முன்னால் ராத்திரி முழுக்க நடந்துகொண்டே ஊதிய பரம்பரை அது. மேடையில் சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று அவர் அடம் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டவன் திண்ணையில் சாய்ந்திருந்தான். ஊதியவனுக்கு மூச்சு.

மோஸார்ட்டுக்கும் நிலம் கிடையாது. 1781இல் ஸால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பின் உத்தியோகத்திலிருந்து பின்புறத்தில் உதையோடு வெளியேறி, வியன்னாவில் சந்தா சேர்த்துக் கச்சேரி நடத்திப் பிழைத்தார். அந்த சி மேஜரை அவர் முடித்தது, அதற்கு முந்திய டி மைனர் கன்செர்ட்டோவை முடித்து நாலே வாரத்தில். நமக்குத் தூக்கம் வருவதற்காக நாம் தேடுகிற அந்த நிதானத்தை எழுதியவர், தவணைக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதர்.

இவ்வளவும் பிறரைச் சொல்லியாயிற்று. இனி என்னை. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது செல்போனில் ராமநாதனின் ஸஹானாவைக் கேட்டேன். நன்றாக இருந்தது. 'இன்றைக்கு என்னவோ சிரமமில்லாமல் உள்ளே போகிறதே' என்று கூட நினைத்தேன். காவிரிப் பாலம் தாண்டியபின்தான் தெரிந்தது: முந்தின நாள் பாங்க் பயிற்சிக்காக ஒரு சொற்பொழிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன், கருவி அதையே ஞாபகம் வைத்திருந்தது. சுருதி மாறாததால் எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக அவரைக் கேட்டு வருகிறேன், அவரைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு ஸ்வரத்தில் வந்து நின்றபின் அடுத்ததற்குப் போகுமுன் அவர் விடுகிற இடம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. நான் அதை லாபம் என்று அனுபவித்திருக்கிறேன். சரியான வேகத்துக்குத் திருப்பியதும் என்ன உணர்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமையின்மை. சத்திரம் வரும்வரை அது போகவில்லை.

தூக்கம் கேட்ட நண்பரையும் ஏப்பம் என்ற நண்பரையும் நான் எந்த முகத்தோடு திட்டுவது? திட்டத்தான் போகிறேன். ஏனென்றால் இது சங்கீதத்தோடு நிற்கிற வியாதி இல்லை. நாம் ஒரு கவிதைத் தொகுதியைப் பஸ்ஸில் புரட்டிவிட்டு இறங்குவதற்குள் அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். 'கனமான தொகுதி', 'இறுக்கமான மொழி' என்று நாம் எழுதும் மதிப்புரைகளில் பாதி, ஒன்றரை மடங்கு வேகத்தில் வாசிக்கப்பட்டவை. வாசித்தவருக்கே அது தெரியாது, சுருதிதான் மாறவில்லையே.

ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நடையழகு என்று பெயர். புறப்பாட்டின்போது அவர் வீதியில் வருகிற அசைவைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். பார்ப்பவருக்கு அது மிதப்பது போல இருக்கும். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் பெருமாளைப் பார்த்ததைவிட ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோள்களைப் பார்த்தது அதிகம். மெதுவாக நடக்கும்போதுதான் பாரம் தோளில் அதிக நேரம் இருக்கிறது. கால்கள் எல்லாம் ஒன்றாக விழ வேண்டும். அந்த வேர்வைக்கு ஓய்வு என்று பெயர் வைக்க யாருக்கும் துணிவு வராது.

ஆகவே பட்டியல் கேட்ட நண்பருக்கு: பட்டியல் கிடையாது. மோஸார்ட்டின் அந்த ஏ மேஜரை மட்டும், மூன்று பகுதிகளையும் சேர்த்து, கூட வேறு வேலை செய்யாமல், விழித்திருக்கும் நேரத்தில் ஒரு தடவை கேளுங்கள். சுமார் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். முற்போக்கு நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கருவியில் வேகம் எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.